விளக்கெரித்த ஆடுகளும் வெட்டிவைத்த பெயர்களும்

(வல்லத்திராக்கோட்டையில் நடைபெற்ற இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



'இடைக்கால ஊர்க்கோயிலின் வரலாறு' என்னும் பொருள் குறித்துப் பேசுமாறு வட்டத்தார் என்னைப் பணித்துள்ளனர். பேரரசர் எடுப்பித்த பெருங்கோயில்களைப் பற்றிப் பேசுவோர் பலர். எழுதப்பட்ட நூல்களும் பல. ஓர் ஊரின் எல்லைக்குள் எழுந்து, அவ்வூராரின் நெல்லாலும் நெய்யாலும் வாழ்ந்த சிறு கோயிலைப் பற்றிப் பேசுவோர் சிலரே. ஆயினும் இந்நாட்டு மக்களின் வாழ்வை அறிய விரும்புவோர்க்குப் பெருங்கோயிலைக் காட்டிலும் ஊர்க்கோயிலே நெருங்கிய சான்று என்பது என் துணிபு. அதனை விளக்க முதலில் உங்களைக் கடல் கடந்து அழைத்துச் செல்ல வேண்டியுள்ளது, பொறுத்தருள்க.

'கோயில்' என்னும் சொல்லை நாம் எல்லாச் சமயத்திற்கும் பொதுவாக்கி வைத்திருக்கிறோம். நம் மாவட்டத்து ஆவூரில் உள்ள பெரியநாயகி அன்னையின் தேவாலயத்தையும் மக்கள் 'மாதா கோயில்' என்றே வழங்குகின்றனர். ஆகவே இங்கிலாந்து நாட்டுச் சிற்றூர் ஒன்றின் கோயிலையும் நம் நார்த்தாமலைக் கோயிலையும் ஒருசேர வைத்துப் பார்ப்பது தமிழ் மரபுக்கு அயலானதன்று.

மோர்பாத்தின் கணக்குச் சுவடி

இங்கிலாந்தின் தென்மேற்கே டெவன் என்றொரு வட்டாரம் உண்டு. அங்கே மோர்பாத் என்பது மலைச்சாரலில் அமைந்த ஒரு சிற்றூர். பதினாறாம் நூற்றாண்டில் அவ்வூரில் வாழ்ந்தவை ஏறத்தாழ முப்பத்து மூன்று குடும்பங்கள். ஆடு வளர்ப்பும் சிறு வேளாண்மையும் அவர்தம் தொழில். அவ்வூர்க் கோயிலுக்கு 1520ஆம் ஆண்டு கிறிஸ்டபர் டிரிக்கே என்பவர் பங்குக் குருவாக வந்தார். 1574இல் இறக்கும் வரையில், அதாவது ஐம்பத்து நான்கு ஆண்டுகள், அங்கேயே பணியாற்றினார். எட்டாம் ஹென்றி, ஆறாம் எட்வர்டு, மேரி, எலிசபெத் என்று அரசர் மாறினர்; அரசர் மாறுந்தோறும் சமயமும் மாறியது. குரு மட்டும் மாறவில்லை.

அவர் செய்த அரும்பணி ஒன்று உண்டு. ஊரார் தேர்ந்தெடுத்த கோயிற் பொறுப்பாளர்களின் கணக்கை ஆண்டுதோறும் தம் கையாலேயே எழுதி, ஊரார் கூடிய அவையில் படித்துக் காட்டிவந்தார். அச்சுவடி அழியாது தங்கி, 1904இல் அச்சேறியது. 2001இல் கேம்பிரிட்ஜ்ப் பேராசிரியர் ஈமன் டஃபி அதனை அடிப்படையாகக் கொண்டு ஓர் அரிய வரலாற்று நூலை எழுதினார். அரசர் அவையில் நிகழ்ந்த பெருமாற்றம் ஒரு சிற்றூரின் அடுக்களை வரை எவ்வாறு வந்து சேர்ந்தது என்பதை அந்நூலால் உலகம் அறிந்தது.

அச்சுவடியில் நம் கவனத்திற்குரியவை ஆடுகள். கோயிலில் இருந்த புனிதர் உருவம் ஒவ்வொன்றின் முன்னும் மெழுகு விளக்கு எரிய வேண்டும். அச்செலவுக்கென ஒவ்வொரு புனிதர்க்கும் தனித்தனியே சில ஆடுகள் உரிமையாக்கப்பட்டிருந்தன. அவை கோயிலில் கட்டப்படவில்லை. ஊர்க்குடும்பங்கள் தத்தம் மந்தையோடு சேர்த்து அவற்றை மேய்த்தன. கம்பளி விற்ற காசு விளக்குக்குச் சென்றது. எந்த வீட்டில் எத்தனை ஆடு நின்றது, எது ஈன்றது, எது இறந்தது என்பதெல்லாம் கணக்கில் உண்டு.

பின்னர் 1538ஆம் ஆண்டின் அரசாணை உருவங்கள் முன் விளக்கேற்றும் வழக்கத்தைத் தடுத்தது. விளக்கு அணைந்தது, விளக்குக்கு வாழ்ந்த ஆடுகளுக்கும் வேலையற்றுப் போயிற்று. இறந்தோர்க்குரிய வழிபாட்டில் அணியும் கருநிற உடுப்புக்காக டிரிக்கே ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சிறுகச் சிறுகப் பொருள் சேர்த்தார். 1547இல் அது கைக்கு வந்தது. அவ்வாண்டிலேயே அரசு மாறி, பழைய வழிபாடுகள் ஒவ்வொன்றாக விலக்கப்பட்டன. 1549இல் அவ்வட்டாரத்து மக்கள் புதிய வழிபாட்டு நூலை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்தபோது, மோர்பாத் ஊரார் ஐந்து இளைஞர்க்குப் படைக்கலம் கொடுத்து அனுப்பினர் என்பதை அக்கணக்கின் ஓரிரு வரிகளால் டஃபி எடுத்துக் காட்டுகிறார். அரசாங்க ஏடுகளில் இடம்பெறாத ஒரு சிற்றூரின் துயரம் செலவுக் கணக்கின் வரிகளுக்கிடையே உயிரோடு இருக்கிறது.

சாவா மூவாப் பேராடு

ஆடும் விளக்கும் என்றவுடன் கல்வெட்டு பயின்றோர் உள்ளத்தில் ஒரு தொடர் எழுந்திருக்கும். 'சாவா மூவாப் பேராடு' என்பது சோழர் காலக் கல்வெட்டுகளில் பன்முறை வரும் தொடர். கோயிலில் இரவும் பகலும் அணையாது எரியும் நந்தா விளக்குக்காக ஒருவர் ஆடுகளைக் கொடுப்பார். பல ஊர்களில் ஒரு விளக்குக்கு 90 ஆடு. தஞ்சைப் பெரிய கோயிலில் 96 ஆடு. அவ்வாடுகளை இடையர் ஏற்றுக்கொண்டு, ஒரு விளக்குக்கு நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய்யைக் கோயிலுக்கு அளக்க வேண்டும். ஈன்ற குட்டிகள் இறந்த ஆடுகளின் இடத்தை நிரப்பும். ஆகவே மந்தையின் எண்ணிக்கை குறைவதில்லை. தனித்தனி ஆடு சாகும். மந்தை சாவதில்லை, மூப்பதுமில்லை. மூலதனம் கரையாது நின்று பயன் தரவேண்டும் என்னும் பொருளியல் விதியை இவ்வளவு அழகாகச் சொன்ன தொடர் பிறிதொன்று உண்டோ என்று வியக்கத் தோன்றுகிறது.

தஞ்சைக் கல்வெட்டுகளில் ஆடுகளை ஏற்ற இடையரின் பெயரும் ஊரும் மட்டுமல்லாமல், அவருக்குப் பிணை நின்றோர் பெயர்களும் பொறிக்கப்பட்டுள்ளன. இராசராசன் என்னும் பெயர் வெட்டப்பட்ட அதே கோயிற் சுவர்களில், அதே உளியால், ஆடு மேய்த்தவர் பெயரும் வெட்டப்பட்டது. மோர்பாத்தில் ஒரு குரு தாளில் எழுதி அவையில் படித்ததை, நம்மவர் அதற்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் எழுதி, வருவோர் போவோர் எல்லாரும் காணுமாறு நிறுத்தினர். ஒருவரை ஒருவர் அறியாத இரு நாட்டார் ஆட்டையும் விளக்கையும் கணக்கையும் ஒன்றாகப் பிணைத்திருக்கின்றனர். ஊராரின் பொருளால் வாழும் கோயில் ஊரார்க்குக் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டது என்னும் எண்ணம் இரு நாட்டிலும் வேரூன்றி இருந்தது என்பதே இதனால் பெறப்படும் செய்தி.

நார்த்தாமலையின் மூன்று பெயர்கள்

இனி நம் நாட்டிற்குத் திரும்புவோம். புதுக்கோட்டையிலிருந்து திருச்சிராப்பள்ளி செல்லும் நெடுவழியை ஒட்டி நார்த்தாமலை உள்ளது. ஒன்பது குன்றுகள் சூழ்ந்த ஊர். 'நகரத்தார் மலை' என்பதே மருவி நார்த்தாமலை ஆயிற்று என்பர். சோழர் காலத்தில் 'தெலுங்குகுலகாலபுரம்' என்னும் பெயருடன் வணிகர் அவையாகிய 'நகரம்' ஆண்ட ஊர் அது. இன்று பங்குனித் திருவிழாவில் முத்துமாரியம்மன் கோயிலுக்குத் திரளும் மக்கள் வெள்ளத்தில் மேலமலை ஏறிப் பார்ப்போர் சிலரே. அம்மேலமலையில் மூன்று கோயில்கள் ஒன்றையொன்று நோக்கி நிற்கின்றன. நடுவே மேற்கு நோக்கிய கற்றளி. அதற்கு எதிரே பாறையில் குடைந்த இரு குடைவரைகள்.

குடைவரைகளுள் சிறியது பழியிலி ஈசுவரம். பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் ஏழாம் ஆட்சியாண்டில், ஒன்பதாம் நூற்றாண்டில், பொறித்த கல்வெட்டு அங்கே உள்ளது. விடேல்விடுகு முத்தரையரின் மகன் சாத்தன் பழியிலி இக்குடைவரையை அமைத்தான் என்றும், அவன் மகள் பழியிலி சிறியநங்கை முன்மண்டபமும் நந்தியும் நந்திக்கு மண்டபமும் பலிபீடமும் செய்வித்தாள் என்றும் அது கூறுகிறது. அவள் மீனவன் தமிழதியரையன் என்னும் மல்லன் அனந்தனின் மனைவி. தந்தை குடைந்ததை மகள் நிறைவு செய்தாள். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அம்மகளின் பெயரை நாம் அறிகிறோம்.

ஈண்டு ஒன்று எண்ணிப் பார்க்கத் தக்கது. சிறியநங்கை எடுப்பித்த முன்மண்டபம் இன்று இல்லை. தூண்களும் கூரையும் போயின. அடித்தளம் மட்டுமே எஞ்சியுள்ளது. அவள் பெயர் பொறித்த எழுத்து அவ்வடித்தளத்தில் இருந்தமையால் பிழைத்தது. அவ்வெழுத்து இல்லையேல், ஒரு பாறைக் குடைவரையும் அதன்முன் ஒரு வெற்று மேடையும் மட்டுமே நமக்கு மிஞ்சியிருக்கும்.

நடுவே நிற்கும் கற்றளியை 'விசயாலய சோழீசுவரம்' என்று வழங்குகிறோம். வெளிச்சுவர் சதுரம், உள்ளே கருவறை வட்டம் என்னும் அரிய அமைப்புடையது. சுற்றிலும் எட்டுச் சிறு கோயில்கள் இருந்தன. அவற்றுள் ஆறு இன்றும் நிற்கின்றன. பெயரைக் கேட்போர், தஞ்சையைக் கைப்பற்றிச் சோழப் பேரரசுக்கு அடிகோலிய விசயாலயனே இதனைக் கட்டினான் எனக் கருதுவது இயல்பு. அறிஞர் சிலரும் அவ்வாறே எழுதினர். ஆனால் அப்பெயர் பிற்காலக் கல்வெட்டில் வருவது. கோயிலின் வாயிற்காவலர் உருவின் கீழே உள்ள சிறிய கல்வெட்டு வேறு கதை சொல்கிறது. சாத்தன் பூதி என்னும் இளங்கோவதியரையன் எடுப்பித்த கற்றளி மழையால் இடிந்து அழிய, மல்லன் விதுமன் என்னும் தென்னவன் தமிழதியரையன் அதனைப் புதுப்பித்தான் என்பதே அதன் கருத்து.

எவ்வளவு சிறிய செய்தி! எவ்வளவு பெரிய உண்மை! பேரரசன் பெயர் கோயிலுக்குத் தலைப்பாயிற்று. எடுத்தவனும் காத்தவனும் வாயிற்காவலரின் காலடியில் ஒரு சில வரிகளில் ஒதுங்கி நின்றனர். ஆயினும் அவ்வரிகள் பேசுகின்றன. மல்லன் விதுமன் தன் பெயரை மட்டும் பொறித்திருக்கலாம். இடிந்ததை எடுத்தவன் தானே ஆதலால் 'யானே கட்டினேன்' என்று எழுதினால் தடுப்பார் அக்காலத்தில் யார்? அவன் அவ்வாறு செய்யவில்லை. முதலில் கட்டியவன் பெயரைச் சொன்னான்; அது அழிந்த காரணத்தைச் சொன்னான்; அதன் பின்னரே தன் பெயரைச் சொன்னான். முன்னோன் பெயரை மறைக்காமல் தன் பணியைச் செய்தல் என்னும் அறம் அச்சில வரிகளில் உறைந்துள்ளது.

சிறியநங்கையின் கணவன் பெயரிலும் இவன் பெயரிலும் 'மல்லன்', 'தமிழதியரையன்' என்பவை பொதுவாக வருதலின், இருவரும் ஒரே குடியினர் என எண்ண இடமுண்டு. 'மீனவன்', 'தென்னவன்' ஆகிய இரண்டும் பாண்டியரைக் குறிக்கும் பெயர்கள். பல்லவர் ஆட்சியாண்டு, முத்தரையர் மரபு, பாண்டியச் சார்பான பட்டம், பின்னர்ச் சோழன் பெயர் என்று நான்கு ஆட்சிகளின் சாயல் ஒரே குன்றின்மேல் படிந்துள்ளது. சற்றே பெரிய மற்றொரு குடைவரையை இன்றும் மக்கள் 'சமணர் குடகு' என்கின்றனர். அதனுள்ளே பன்னிரண்டு திருமால் உருவங்கள் வரிசையாக நிற்கின்றன. 'பதினெண்பூமி விண்ணகரம்' என்னும் பெயரும் அதற்கு உண்டு. சமணம், சைவம், வைணவம் என மூன்று சமயங்களின் நினைவும் அம்மேலமலையில் அருகருகே வாழ்கின்றன. அரசும் சமயமும் மாறிய காலத்து ஓர் ஊர் எவ்வாறு வாழ்ந்தது என்பதற்கு இங்கிலாந்தில் மோர்பாத் சான்று என்றால், நமக்கு இக்குன்று சான்று.

இடிக்குமுன் எழுதிவைத்த முன்னோர்

கோயில் என்பது ஒருமுறை கட்டி முடிக்கப்படுவதன்று. மழையும் வேரும் இடியும் அதனைச் சிதைத்துக் கொண்டே இருக்கும். மக்கள் எடுத்துக் கட்டிக் கொண்டே இருப்பர். ஊர்க்கோயிலின் வரலாறு பெரும்பாலும் திருப்பணிகளின் வரலாறே. அவ்வாறாயின், திருப்பணி செய்யும்போது பழைய எழுத்து என்னாவது?

இவ்வினாவிற்கு நம் முன்னோர் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே விடை கண்டனர். அரியலூர் மாவட்டத்துத் திருமழபாடிக் கோயிலின் விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்ட முதலாம் இராசராசன் தன் 28ஆம் ஆட்சியாண்டில் ஆணையிட்டான். பிரிக்குமுன், அதிலிருந்த கல்வெட்டுகளைப் புத்தகத்தில் படியெடுத்து வைக்கவும் ஏற்பாடாயிற்று. பின்னர் அவன் மகன் இராசேந்திரனின் 14ஆம் ஆட்சியாண்டில், அப்புத்தகத்தில் கண்டவாறே புதிய சுவரில் அவை மீண்டும் பொறிக்கப்பட்டன. பழைய எழுத்து பழைய உரிமையின் சான்று. அதனை இழந்தால் விளக்குக்கு நெய் அளப்போர், நிலத்தை உழுவோர், பங்கு பெறுவோர் எல்லாரும் வழக்கிழப்பர் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். நூலகமோ அச்சகமோ இல்லாத காலத்தில் அவ்வளவு கருத்து!

இன்றோ, திருப்பணி என்னும் பெயரால் நிகழ்வதை நாம் அறிவோம். அடித்தளத்துக் கல் இடம் மாறி வரி முறிகிறது. சில இடங்களில் மணற்பீய்ச்சியால் தேய்ந்து எழுத்து மழுங்குகிறது. வேறு சில இடங்களில் சுண்ணமும் வண்ணமும் பூசி மறைக்கப்படுகிறது. சிமெண்டுத் தளம் உயர உயர, அடிவரிசை எழுத்து மண்ணுக்குள் போகிறது. இவற்றைச் செய்வோர் பகைவர் அல்லர். தம் கோயில்மீது அன்பு கொண்ட ஊராரே செய்கின்றனர். குழல்விளக்கின் மேல் 'உபயம்' என்று தம் பெயரை எழுதுவோர், காலடியில் உள்ள பழைய உபயதாரரின் பெயரைப் படிக்கத் தெரியாமையாலேயே அழிக்கின்றனர். இதனைப் பழித்துப் பயனில்லை. படிக்கக் கற்பிப்பதே செய்யத்தக்கது.

நமக்குரிய கடமை

பழஞ்சான்றுகளைப் பேணுவதில் நம் புதுக்கோட்டை முன்னோடியாக விளங்கியது. அருங்காட்சியகம் 1910இல் தோன்றியது. சமஸ்தானத்துக் கல்வெட்டுகள் ஆயிரத்துக்கு மேற்பட்டவை தொகுக்கப்பெற்று, 1929இல் அவற்றின் மூலம் தமிழில் நூலாக வெளிவந்தது. 1948இல் சமஸ்தானம் இந்திய ஒன்றியத்துடன் இணைந்தது. 1974இல் தனி மாவட்டம் ஆயிற்று. ஆட்சி மாறினும் அந்நூல் இன்றும் ஆய்வாளர்க்கு ஊன்றுகோல். கற்கள் மழுங்கிப்போன இடங்களில், அவற்றின் குரலாக அந்நூலே பேசுகிறது.

நாம் கூடியிருக்கும் வல்லத்திராக்கோட்டை திருவரங்குளம் ஒன்றியத்தைச் சேர்ந்தது. திருவரங்குளத்துச் சிவன் கோயில் இடைக்காலக் கல்வெட்டுகள் நிறைந்தது. அவ்வூர் ஆடவல்லான் செப்புத் திருமேனி இன்று புதுதில்லித் தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளது. ஒரு காலைத் தூக்கி வீசாமல், இரு முழங்கால்களும் வளைந்து ஆடும் 'சதுர தாண்டவ' நிலையில் அமைந்த அத்திருமேனியைக் கலை வரலாற்று நூல்கள் போற்றுகின்றன. தில்லியில் அதனைக் காண்போர்க்குத் திருவரங்குளம் என்பது பெயர்ப்பலகையில் உள்ள ஒரு சொல்; நமக்கோ அது பக்கத்து ஊர். அண்மையிலுள்ள பொற்பனைக்கோட்டையில் 2021இலும் 2023 முதலும் நடந்த அகழாய்வுகளால் சங்ககாலக் கோட்டையின் சான்றுகள் வெளிப்பட்டன. உலகம் நம் மண்ணைத் தோண்டிப் பார்க்க வருகிறது. நாமோ தோண்டாமலே கண்முன் நிற்கும் எழுத்தைப் படிக்காமல் கடந்து செல்கிறோம்.

ஆகவே பத்தாண்டு நிறைந்த இவ்வட்டத்தார் முன் மூன்று வேண்டுகோளை வைக்கிறேன்.

முதலாவது, கல்வெட்டெழுத்தைப் பயிற்றுவித்தல். சோழர் காலத் தமிழெழுத்து இன்றைய எழுத்தினின்று மிகத் தொலைவில் இல்லை. புள்ளியின்மைக்கும் சில வடிவ மாற்றங்களுக்கும் கண் பழகினால், ஆர்வமுள்ள பள்ளி மாணவர் சில திங்களில் பெயரும் எண்ணும் படிக்கத் தொடங்கிவிடுவர்.

இரண்டாவது, திருப்பணிக்கு முன் பதிவு செய்தல். ஈரத்தாளை ஒற்றி மைப்படி எடுப்பது பயிற்சி பெற்றோர் செய்ய வேண்டிய பணி. ஆனால் இன்று ஒவ்வொருவர் கையிலும் உள்ள கைப்பேசியால், மாலை வெயில் பக்கவாட்டில் விழும் வேளையில், அல்லது இரவில் கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்து ஒரு படம் எடுத்தால், நண்பகலில் தெரியாத எழுத்தும் நிழலால் துலங்கும். எந்தச் சுவர், எந்தத் திசை, எத்தனையாவது கல் என்று குறித்து வைத்தால், கல் இடம் மாறினாலும் வரி முறியாது. சோழப் பேரரசன் ஆணையிட்டுச் செய்ததை, இன்று ஓர் ஊரின் இளைஞர் நால்வர் ஒரு மாலைப்பொழுதில் செய்துவிட இயலும்.

மூன்றாவது, பதிந்ததை ஊரார் கூடிய அவையில் படித்துக் காட்டுதல். மோர்பாத் குரு செய்தது அதுவே. ஏட்டில் உறங்கும் வரலாறு அறிஞர்க்கு மட்டும் உரியது. திருவிழா நாளன்று கோயில் முன்றிலில் நின்று, 'இந்த மண்டபத்தை எடுத்தவர் இவர், இந்த விளக்குக்கு ஆடு கொடுத்தவர் இவர், மழையில் இடிந்தபோது புதுப்பித்தவர் இவர்' என்று வாய்விட்டுப் படித்தால், அதன்பின் அந்தக் கல்மீது சிமெண்டு பூச எவர்க்கும் கை வராது. சட்டம் காவாத இடத்தையும் தெரிந்த பெயர் காக்கும்.

அவையோரே, மேலமலையை விசயாலயன் ஒருநாளேனும் ஏறிப் பார்த்தானா என்பது வரலாற்றின் சிறு வினா. மழைக்குப் பின் அங்கே ஏறிச்சென்று, சரிந்து கிடந்த கற்களைக் கண்டு, 'இதனை மீண்டும் எடுப்போம்' என்று துணிந்தவன் ஒருவன் இருந்தான் என்பது ஐயமற்ற செய்தி. அவன் எடுத்த கோயில் இன்றும் நிற்கிறது. தனக்கு முன்னிருந்தவன் பெயரையும் அவன் நிற்கவைத்தான். இலக்கிய வட்டம் என்பதும் அத்தகைய பணியை மேற்கொண்டதே. முன்னோர் எடுத்ததைச் சிதையாது காத்து, அவர்தம் பெயரை மறைக்காது அடுத்த தலைமுறைக்குக் கொடுப்பது அதன் கடன். அக்கடனைப் பத்தாண்டுகள் ஆற்றிய இவ்வட்டம், சாவாமல் மூவாமல் நிற்கும் அம்மந்தையைப் போல, உறுப்பினர் மாறினும் எண்ணிக்கை குறையாது என்றும் நின்று விளக்கெரிக்க வேண்டும் என வாழ்த்துகிறேன்.